வன்னியில் முதுமை: வீடு, பாதை, காணி, கிளினிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தாறு ஆண்டுகள் உள்ளூராட்சிச் சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தேன். ஊரில் 'ரி.ஓ.' என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு, எண்பத்து நான்கு வயதான அம்மாவுடன் இலங்கையின் வடக்கே, வன்னியில், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருக்கிறேன். முதியோர் சங்கக் கூட்டத்திலும், செத்த வீட்டுப் பந்தலிலும், வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் எண்ணம் எது என்பதைப் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

வன்னியில் இளம் குடும்பங்கள்தானே அதிகம்? முதுமை இங்கே அவ்வளவு பெரிய விடயமா?

1981 கணக்கெடுப்பின்படி இலங்கையில் அறுபது வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அது 12.4 ஆகிவிட்டது. 2040களில் நால்வரில் ஒருவர் அறுபதைத் தாண்டியிருப்பார் என்பது பரவலான மதிப்பீடு. இந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முழுமையான கணக்கெடுப்பு ஒன்றுகூட நடக்கவில்லை. 2001 இல் நாடு எண்ணப்பட்டபோது நாங்கள் எண்ணப்படவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றத்துக்காகப் போட்ட திட்டங்கள் எல்லாம் அவசரத்தில் போட்டவை. தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு முதலில் கூரை வேண்டியிருந்தது. அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவருக்கு இன்னும் பத்து வருடத்தில் என்ன வயதாகும் என்று கேட்க எங்களில் எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்றவர்களை நினைத்துப் பாருங்கள். காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் போட்டபோது அவர்களுக்கு இருபதும் இருபத்தைந்தும் வயது. ஒரே வாய்க்காலின் கரையில் ஒரே காலத்தில் காணி எடுத்தவர்கள் இன்று ஒரே காலத்தில் எழுபதைத் தாண்டி நிற்கிறார்கள். பக்கத்து வீட்டு இளையவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பவும் முடியாது, பக்கத்து வீட்டிலும் ஒரு முதியவர்தான் இருக்கிறார். பிள்ளைகளில் சிலர் போரில் போய்விட்டார்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், சிலர் வெளிநாட்டில், சிலர் வவுனியாவிலும் கொழும்பிலும் வேலையில்.

யாழ்ப்பாணத்திலும் முதியவர்கள் இருக்கிறார்கள். வன்னிக்கென்று தனித் திட்டம் எதற்கு?

தூரம். என் பதில் அந்த ஒரு சொல்தான்.

யாழ்ப்பாணத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கும், ஒழுங்கை முடிவில் கடை இருக்கும். முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 38 பேர்தான் இருந்தார்கள், நாட்டிலேயே மிகக் குறைந்த அடர்த்தி அதுதான். குடியேற்றத் திட்டங்களில் காணி பிரித்ததே கமத்தை நினைத்து. வாய்க்காலோடு வயல், மேட்டில் ஏக்கர் கணக்கில் குடியிருப்புக் காணி, அதன் நடுவில் வீடு. முப்பது வயதுக்காரனுக்குச் சைக்கிள் இருந்தால் அது தூரமே இல்லை. எண்பது வயதில் அதே காணி வேறு காணியாகிவிடுகிறது.

ஒரு நாள் அளவு நாடாவை எடுத்து அம்மாவின் தூரங்களை அளந்தேன். கட்டிலிலிருந்து மலசலகூடம் 42 அடி. குசினியிலிருந்து கிணறு 55 அடி. விறாந்தையிலிருந்து படலை 180 அடி. படலையிலிருந்து பஸ் நிற்கும் சந்திக்கு ஒன்றேகால் மைல், வழியில் இரண்டு மதகு, நிழலுக்கு ஒரு மரம். நான் எத்தனையோ வீதிகளுக்கு மதிப்பீடு போட்டவன். இந்த நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் முதியவர்களுக்கான திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

வீட்டில் ஒன்றை மட்டும் மாற்ற முடியுமென்றால் எதை மாற்றுவது?

மலசலகூடத்தை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

எங்கள் ஊர்களில் அது வீட்டுக்குப் பின்னால் தள்ளி, காணியின் ஓரத்தில் இருக்கும். கிணற்றிலிருந்து விலகி இருக்கவேண்டும் என்பது சரியான காரணம். வீட்டோடு சேர்த்துக் கட்டினால் கூடாது என்ற பழைய எண்ணமும் அதில் கலந்திருக்கிறது. குழிதான் கிணற்றிலிருந்து விலக வேண்டும். இருக்கும் அறை வீட்டோடு ஒட்டியிருக்கலாம், இடையில் குழாய் போனால் போதும்.

எங்கள் வாய்க்கால் வரிசையில் தனியாக இருக்கும் மாமி ஒருவர், கண்ணில் புரை வந்து சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த மாதங்களில், குசினித் தூணிலிருந்து மலசலகூடக் கதவு வரை மாடு கட்டும் நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார். இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கயிற்றில் முடிச்சுகள் இருந்தன. "இரண்டு முடிச்சு கையில் பட்டால் படி வருகிறது என்று அர்த்தம் தம்பி. ஒரு முடிச்சு என்றால் தேசி மரத்து வேர்" என்று எனக்கு விளக்கினார். அந்தக் கயிற்றை விடத் தெளிவான ஒரு வரைபடத்தை நான் அலுவலகத்தில் பார்த்ததில்லை.

அதே மாமி மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. இரவில் எழும்ப வேண்டி வரும் என்ற பயம். விசாரித்துப் பாருங்கள், உங்கள் ஊரிலும் இப்படிப் பலர் இருப்பார்கள். பாம்புக்குப் பயம், யானை வரும் ஊர்களில் யானைக்குப் பயம், விழுந்து கிடந்தால் விடியும் வரை யாரும் வரமாட்டார்கள் என்ற பயம். வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சலத்தில் கிருமி, மலச்சிக்கல், தலைச்சுற்று எல்லாம் வரும், தலைச்சுற்றினால் விழுவார்கள். நாற்பது அடி தூரத்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகும் வழி இதுதான்.

ஆகவே, முதியவர் படுக்கும் அறையோடு ஒட்டி ஒரு மலசலகூடம் கட்டுங்கள். குந்தும் பேசின் வேண்டாம், கொமட் வையுங்கள். இருக்கை 16 முதல் 18 அங்குல உயரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கச் சுவரில் கைபிடிக் குழாய் பதியுங்கள். சுவரில் செங்கல் கட்டும்போதே கொங்கிறீற் கட்டை வைத்துப் பதித்தால்தான் அது பாரம் தாங்கும், பூச்சில் ஆணி அடித்த கைபிடி ஒரு நாள் அவரையும் இழுத்துக்கொண்டு விழும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. தரைக்கு மினுங்கும் ரைல்ஸ் வேண்டாம். இதற்கும் இப்போது காசு இல்லை என்றால், நடுவில் துளையிட்ட கதிரையும் வாளியும் இரவுக்கு, ஒரு லைற்று, ஒரு கயிறு. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

படிக்குப் பதிலாகச் சாய்தளம் போட என்ன அளவு?

ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுத் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தால் சாய்தளம் 18 அடி. அகலம் நான்கு அடி வைத்தால் ஒருவர் பக்கத்தில் கைபிடித்து வரலாம். நிரப்ப அரைக் கியூப்புக்கு (ஒரு கியூப் நூறு கன அடி) சற்று மேல் கிரவல் போதும். மேலே மூன்று அங்குலக் கொங்கிறீற்றும் ஓரக் கட்டும் சேர்த்து ஆறேழு மூடை சீமெந்து பிடிக்கும். மேற்பரப்பைக் கரண்டியால் மழுப்பாமல் தும்புத்தடியால் குறுக்காக இழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள்.

இதை எழுதும்போது என் மனதில் ஒரு பொதுநோக்கு மண்டபம் நிற்கிறது. இரண்டரை அடி உயரத் தளத்துக்கு ஒன்பது அடியில் சாய்தளம் போட்டு, ஒப்பந்தகாரர் வேலை முடிந்ததென்று சொல்ல, நான் கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாவில் முள்ளந்தண்டில் காயப்பட்ட ஒரு தம்பியின் சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையக் கூடியவையாக இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வர்த்தமானியில் வந்துவிட்டன. புதிய பொதுக் கட்டடங்களில் அவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 இல் கட்டளையிட்டது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. உங்கள் ஊரில் மண்டபமோ நூலகமோ கட்டினால், வேலை முடிவதற்கு முன்பே நாடாவோடு போய் அளந்து பாருங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுத்திட்ட வீடு ஏற்கெனவே இருக்கிறது. இடித்துக் கட்டவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய், அளவு சுமார் 550 சதுர அடி. அந்தக் காசுக்குள் நின்றவர்கள் தப்பினார்கள். பிள்ளைக்குச் சீதனம் கொடுக்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று அத்திவாரத்தை நீட்டியவர்கள் நகையை அடகு வைத்தார்கள், பிறகு வாராந்தக் கடன்காரர்களிடம் போனார்கள். இன்றும் பூச்சில்லாத பெரிய வீட்டில் கடனோடு இருக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். முதுமைக்கென்று மீண்டும் கடன் படாதீர்கள். ஓர் அறையின் வாசலை மூன்றடியாக அகட்டுங்கள், அந்த அறையோடு மலசலகூடத்தைச் சேருங்கள், முன்வாசலில் ஒரு சாய்தளம். வீடு அவ்வளவில் போதும்.

கையில் காசே இல்லாதவர்களுக்கு என்ன வழி?

எழுபது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகக் கூட்டப்பட்டது. அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவி 2023 இலிருந்து குடும்பத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். எத்தனையோ பேர் ஒரு தடவை 'இல்லை' என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வேதனை தருவது.

இந்தப் பணம் மருந்துக்கும் பாலுக்கும் போதுமா என்று கேட்டால், போதாது. அதனால்தான் செலவைக் குறைக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசுகிறேன். கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்தால் போய் வரும் கூலியிலேயே அந்த மாதக் கொடுப்பனவில் ஒரு பெரிய துண்டு போய்விடுகிறது. பஸ் ஒன்று படலைக்கு அருகில் வந்தால் அது உதவிப் பணத்தைக் கூட்டியதற்குச் சமம்.

பேமிட் காணியில் இருக்கிறோம். எனக்குப் பின் அது யாருக்கு? இப்போதே எழுதி வைத்தால் பிள்ளைகள் என்னைக் கைவிட்டுவிடுவார்களோ?

வன்னிக் காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. உங்கள் கையில் இருப்பது சொந்தமாக்கும் காணி உறுதி அல்ல, பேமிட் என்னும் அனுமதிப்பத்திரம். நினைத்தபடி விற்கவோ துண்டு பிரிக்கவோ முடியாது. ஆனால் உங்களுக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளர் ஒருவரை நியமிக்க முடியும். அதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பதிவு செய்யவேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிச் சாமி அறையில் வைப்பது பதிவு ஆகாது.

நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. பின்னுரித்தாளரை நியமிப்பது என்பது காணியைக் கொடுத்துவிடுவது அல்ல. நீங்கள் உயிரோடு இருக்கும் வரை காணி உங்களுடையது. மனம் மாறினால் நியமனத்தை நீக்கி வேறு ஒருவரை நியமிக்கலாம். உங்களுக்குப் பின் உங்கள் கணவரோ மனைவியோ தம் வாழ்நாள் முழுவதும் அதில் இருந்து அனுபவிக்கும் உரிமையும் சட்டத்தில் உண்டு.

யாரையும் நியமிக்காமல் இறந்தால், சட்டத்தின் அட்டவணைப்படி உரிமை போகும். அந்த அட்டவணையில் மகளுக்கு முன் மகன் நின்றான். 2022 இல்தான் அது திருத்தப்பட்டு, ஆண் பெண் என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. தாயை உடனிருந்து பார்த்த மகள் ஒருத்தி, எங்கோ இருந்த அண்ணனின் பெயருக்குக் காணி போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கதைகள் அதற்கு முன் எத்தனை!

1958, 1977 இனக் கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள் பலரிடம் இன்னும் சரியான பத்திரம் இல்லை. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களுக்குப் போனால் தெரியும். நாற்பது ஆண்டு ஒரே மண்ணில் கூலி வேலை செய்து முதுமை அடைந்தவர்கள் அவர்கள். பத்திரம் இல்லாதவருக்கு வீட்டுத்திட்டம் சிக்கல், கடன் சிக்கல், குழாய்க் கிணறு சிக்கல். முதியோருக்கான திட்டம் என்று எவர் பேசினாலும் இவர்களின் காணிப் பத்திரத்தை முதல் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"இங்கே வந்துவிடுங்கள்" என்று பிள்ளைகள் கூப்பிட்டாலும் ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்?

வன்னி முதியவரிடம் இடம்பெயர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் எத்தனை தடவை இடம்பெயர்ந்தார் என்று கேளுங்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய், முட்கம்பி முகாமில் இருந்து, திரும்பி வந்து காடு பற்றிய காணியைத் துப்புரவாக்கியவர்கள் இவர்கள். அவர்களில் பலர் இருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்டெம்பரில். கேப்பாப்புலவு மக்கள், படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 இல் வீதியோரம் இருந்தபோது அங்கே எத்தனை முதியவர்கள் இருந்தார்கள்! காணியை விட்டு நகர்ந்தால் திரும்பக் கிடைக்காது என்பது அவர்கள் பட்டு அறிந்தது. அதைப் பிடிவாதம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

காணியை விடாமலே தூரத்தைக் குறைக்கலாம். என் யோசனை இது: ஒவ்வொரு கிராமத்திலும் சந்திக்குக் கிட்ட, பிரதேச சபையிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ சும்மா கிடக்கும் பொதுக் காணியில் ஆறு அல்லது எட்டுச் சிறு வீடுகள். ஓர் அறை, ஒரு குசினி, ஒட்டிய மலசலகூடம், முன்னால் எல்லாவற்றையும் இணைக்கும் நீண்ட விறாந்தை. தனியாக இருப்பவர்களும், வயதான தம்பதிகளும் அங்கே சிறு வாடகைக்கு இருக்கலாம். பேமிட் அவர்கள் பெயரில் அப்படியே இருக்கும், தோட்டத்தைப் பிள்ளையோ உறவினரோ செய்வார்கள், கோடையில் விரும்பினால் அவர்களும் போய் இருக்கலாம். கடை, பஸ், கோவில், தபாற்கந்தோர் எல்லாம் கையெட்டும் தூரத்தில். எவரும் எவரையும் இழக்கவில்லை. எழுத்தில் ஓர் உறுதி மட்டும் வேண்டும்: இங்கே வந்து இருந்ததைக் காரணம் காட்டி, காணியைப் பராமரிக்கவில்லை என்று பேமிட்டை இரத்துச் செய்யக் கூடாது. அந்த ஒரு வரி இல்லாமல் எந்த முதியவரும் வரமாட்டார், வரவும் வேண்டாம் என்பேன்.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். ஊரில் ஒரு முதியோர் இல்லம் கட்டித் தரலாமா?

உங்கள் மனதை மதிக்கிறேன். வவுனியா கோவில்குளம் சிவன் கோவிலோடு சேர்ந்த இல்லம் போல, கைதடியில் இருக்கும் அரச இல்லம் போல, எவருமே இல்லாதவர்களுக்கு அத்தகைய இடங்கள் தேவை. ஆனால் பெரிய கட்டடம் கட்டுவது சுலபம், அதை இருபது ஆண்டு நடத்துவதுதான் கடினம். சமையல், சலவை, இரவுப் பணியாளர், மின்கட்டணம் இவையெல்லாம் மாதாமாதம் வரும். திறப்பு விழாப் படங்களோடு நின்றுபோன கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே பணத்தில் ஓர் ஊருக்கு ஐம்பது மலசலகூடங்களை வீட்டோடு சேர்க்கலாம் என்றால் நான் அதையே தேர்வேன். அல்லது பொதுநோக்கு மண்டபத்தில் வாரத்தில் மூன்று நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்தச் செலவைக் கொடுங்கள். மதியச் சோறு, இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், பத்திரிகை, ஒரு வானொலி. ஊரிலுள்ள இரண்டு பெண்களுக்குச் சம்பளத்தோடு வேலையும் கிடைக்கும். வாழும் ஊருக்குள் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரம் தனிமை குறைந்தால், இல்லத்துக்குப் போகும் நாள் தள்ளிப்போகும்.

கிளினிக் நாளன்று விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட வேண்டியிருக்கிறது. இதை மாற்ற வழி உண்டா?

உண்டு, ஒரு தடவை செய்தும் காட்டினோம். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளின் மாதாந்த மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தபாற்காரர் படலையில் மணியடித்துப் பொதியைக் கொடுத்தார். நீரிழிவும் அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருப்பவர் மாதம் ஒரு தடவை வரிசையில் நின்று அதே குளிசைகளை வாங்கி வரவேண்டிய அவசியம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவர் பார்க்கட்டும், இடையில் மருந்து ஊருக்கு வரட்டும். ஊரடங்கில் முடிந்தது ஊரடங்கு இல்லாதபோது ஏன் முடியாது?

பஸ் விடயத்திலும் கேட்க ஒன்று இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பஸ்கள் காலை ஏழரைக்குப் பிறகு மதியம் வரை நிற்கின்றன. கிளினிக் நாளில் அவற்றில் ஒன்றை எட்டு மணிக்கு உள்வீதியால் வரச்செய்து, பதினொன்றரைக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யலாம். இதற்கு டிப்போவும் வைத்தியசாலையும் ஒரே மேசையில் இருந்து நேரசூசி போடவேண்டும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் முதியோர் சங்கம் இதை எழுத்தில் வைத்தால் நல்லது. பஸ்ஸின் முதல் படி உயரம் என்பதால் சந்தியில் ஓர் அடி உயர மேடை கட்டுவதையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

குடிதண்ணீர்?

வவுனியா வடக்கிலும் முல்லைத்தீவின் பல பகுதிகளிலும் சிறுநீரக நோய் பெரிய துன்பம். சுத்திகரித்த தண்ணீர் நிலையங்கள் ஊர்களில் இருக்கின்றன, ஆனால் இருபது லீற்றர் கலனை யார் சுமப்பது? ஐந்து லீற்றர் கலன்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஓர் இளைஞருக்குச் சிறு கூலி கொடுப்பது ஊர்ச் சங்கத்தால் முடியக்கூடியது.

வெள்ளம் வந்தால்?

2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பாடசாலைகளில் தங்கியபோது முதியவர்களுக்கு வெறும் தரையும், தொலைவில் மலசலகூடமும். எழும்ப முடியாதவர்களின் பட்டியலொன்று மாரி தொடங்குவதற்கு முன்பே கிராம அலுவலரிடம் இருக்கவேண்டும். யாரை யார் உழவு இயந்திரத்தில் ஏற்றுவது என்று பெயர் பெயராக எழுதியிருக்க வேண்டும். மருந்தும் கிளினிக் கொப்பியும் ஒரு பொலித்தீன் பையில் கதவருகே தொங்கட்டும்.

பிள்ளைகள் இருந்தும் பார்க்கவில்லை. சட்டம் ஏதாவது செய்யுமா?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று சொல்கிறது. பராமரிப்புச் சபையில் முறையிடலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்கென இருக்கும் உத்தியோகத்தர் வழி காட்டுவார். அறுபது வயதானதும் முதியோர் அடையாள அட்டையையும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முறையிட எந்தத் தாய் துணிவாள்? "பிள்ளையை வழக்குக்கு இழுத்தவள்" என்ற பேச்சுக்குப் பயந்து பட்டினி கிடப்பாள். அதனால் ஊர் முதியோர் சங்கம் முதலில் பிள்ளையோடு பேசட்டும். பல வேளைகளில் பிள்ளையிடம் வஞ்சகம் இல்லை, வருமானம் இல்லை.

பிள்ளைகளே இல்லாமல் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள்?

இவர்களைப் பராமரிக்கப்படுபவர்கள் என்று எழுதும் படிவங்கள் தவறானவை. எழுபது வயதில் விடிய எழுந்து பிள்ளைக்குச் சீருடை தோய்த்து அனுப்பும் அம்மம்மா ஒரு பராமரிப்பாளர். அவருக்குப் பாடசாலை பக்கத்தில் இருப்பதும் ஒரு முதியோர் வசதிதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் பெற்றோர் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் இருந்த பலர் இன்று உயிரோடு இல்லை. வீட்டையும் வாசலையும் எவ்வளவு சரிசெய்தாலும் அவர்களுக்கு வேண்டிய பதில் வேறு. அது தனியாகக் கொடுக்கப்பட வேண்டியது. அவர்கள் கூட்டங்களுக்குப் போய்வர வாகனமும், போகும்போது வீட்டைப் பார்க்க ஒருவரும் வேண்டும் என்பதையும் ஊர்த் திட்டத்தில் எழுதலாம்.

எங்கள் ஊரில் இதைத் தொடங்க விரும்புகிறோம். முதலில் என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2007 இல் முதியோருக்கு இசைவான நகரங்களுக்கென ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெளியிடங்கள், போக்குவரத்து, வீடு, சமூகத்தில் பங்கெடுத்தல், மதிப்பு, வேலையும் ஊர்க் காரியமும், தகவல், சுகாதாரமும் ஆதரவும் என எட்டுத் தலைப்புகள். நல்ல வழிகாட்டிதான், ஆனால் நகரத்தை நினைத்து எழுதியது. எட்டையும் தூக்கிக்கொண்டு கூட்டம் வைத்தால் எட்டாவதற்கு வருவதற்குள் தேநீர் முடிந்துவிடும், எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள்.

கூட்டம் வைக்காமல் நடவுங்கள். ஊரில் மூத்த ஐந்து பேரை, அதில் குறைந்தது மூன்று பெண்களை, ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு அவர்கள் கட்டிலிலிருந்து சந்தி வரை அவர்கள் வேகத்திலேயே நடந்து போங்கள். கையில் நாடாவும் கொப்பியும். எங்கே நிற்கிறார்கள், எங்கே கையை எதிலாவது ஊன்றுகிறார்கள், எங்கே வெயில் அடிக்கிறது, எங்கே நாய் துரத்துகிறது என்று மட்டும் எழுதுங்கள். எழுதியதில் நூறு ரூபாயில் முடிவது, சிரமதானத்தில் முடிவது, பிரதேச சபையிடம் கேட்க வேண்டியது, கொழும்பு வரை போக வேண்டியது என்று பிரியுங்கள். முதல் இரண்டையும் அந்த மாதமே முடித்துவிடுங்கள்.

எங்கள் வரிசையில் நான் அப்படி நடந்தபோது அம்மா இரண்டாவது மதகில் நின்றுவிட்டார். களைத்தாரா என்று கேட்டேன். "இல்லை, இங்கேதான் எப்போதும் இருப்பேன், கட்டு உடைந்துபோய்க் கிடக்கிறது" என்றார். மதகின் கட்டு, இரண்டு அடி நீளத்துக்கு, வெள்ளத்தில் போயிருந்தது. அடுத்த ஞாயிறு நான்கு பேர் சேர்ந்து அரை மூடை சீமெந்தில் அதைத் திரும்பக் கட்டினோம். உட்காரும் உயரம் பதினேழு அங்குலம் வைத்தோம். பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டு, மாடு கடிக்காமல் முள் அடைத்திருக்கிறோம்.